கூரை மின்சாரத்தில் கார் ஓட்டுவோம்

(உழவர் நாள் விழாவில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உழவியல் பாடம் நடத்துகிறவன் கார் சார்ஜரைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் எண்ணலாம். நான் மின் பொறியாளன் அல்லன். உடுமலைப்பேட்டை வட்டத்தில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில் என் தந்தையாரும் தாயாரும் தம்பியும் இருக்கிறார்கள். தம்பி மின்சாரக் கார் ஒன்று வாங்கினான். கூரையிலே சூரிய ஒளித் தகடுகள் இருந்தன. இந்த இரண்டையும் இணைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். அதிலே சில தவறுகள் செய்தேன். ஒரு தவறு பெரிய தவறு. அந்த அனுபவத்தையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

கிணற்றுப் பாசனம் செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஊற்று மணிக்கு எவ்வளவு தருகிறதோ அவ்வளவே இறைக்க வேண்டும். பெரிய மோட்டாரைப் போட்டு ஊற்றுக்கு மேல் இறைத்தால் கால் மணி நேரத்தில் மோட்டார் காற்றை இழுக்கும். ஆகவே வால்வைத் திருகி, வரத்துக்குத் தக்கபடி நீரை எடுக்கிறோம். கூரையில் வரும் மின்சாரமும் அப்படித்தான். வெயிலுக்குத் தக்கபடி ஏறும், மேகத்துக்குத் தக்கபடி இறங்கும். அந்த வரத்தைப் பார்த்துக் காரின் வால்வைத் தானே திருகும் ஏற்பாடுதான் சூட்டிகை மின்னேற்றம்.

உழவருக்கே பொருந்தும் முறை

அலுவலகம் போகிறவருக்கு இம்முறையில் ஒரு பெரிய இடையூறு உண்டு. வெயில் அடிக்கும் நேரத்தில் அவருடைய கார் அலுவலக வாசலில் நிற்கும். மாலை வீடு திரும்பும்போது சூரியன் இறங்கியிருக்கும். என் காரும் அப்படித்தான். சனி, ஞாயிறு தவிர அதற்குக் கூரை மின்சாரம் கிடைப்பதில்லை.

என் தம்பியின் வண்டி வேறு. விடியற்காலை காய்கறிப் பெட்டிகளுடன் உழவர் சந்தைக்குப் போகும். ஒன்பது மணிக்குள் வீடு வந்து சேரும். பிறகு மாலை நான்கு மணி வரை வேப்ப மர நிழலில் நிற்கும். சூரியன் தரும் நேரமும் கார் நிற்கும் நேரமும் ஒன்றாக அமைகின்றன. ஆகவே, பட்டணத்து மாடி வீட்டுக்காரரைவிடத் தோட்டத்தில் குடியிருக்கும் உழவருக்கே இம்முறை பொருத்தமானது.

கணக்கு முதலில்

கருவி வாங்குமுன் ஒரு தாளில் கணக்குப் போட வேண்டும். சிறிய மின்சாரக் கார் ஒன்று, சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் ஓடும். நடுத்தரமாக 7 என்று கொள்ளலாம். நாள் ஒன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 6 யூனிட் தேவை.

நம் பகுதியில் 1 கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 3 கிலோவாட் அமைத்தால் 12 யூனிட். பகல் நேரத்தில் வீட்டுக்கு 3 யூனிட் போனாலும் 9 யூனிட் மீதமாகும். காருக்கு வேண்டியது 6. எனவே நாள் ஒன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 3 கிலோவாட் போதும். விற்க வருகிறவர் 5 கிலோவாட், 10 கிலோவாட் என்று சொன்னால், இந்தக் கணக்கை எடுத்து அவர் முன் வையுங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். நாளெல்லாம் 9 யூனிட் மீதமாகிறது, காருக்கு 6 தான் வேண்டும் என்றால் பேசாமல் செருகிவிட்டுப் போகலாமே? போகலாம். ஆனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் செருகும் சார்ஜர் ஏறத்தாழ 3 கிலோவாட் இழுக்கும். காலை ஒன்பது மணிக்குத் தகடு தருவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட். வீட்டுக்குப் போக மீதம் ஒன்றே கால். பாக்கி ஒன்றே முக்கால் கிலோவாட்டும் மின்கம்பியிலிருந்து வரும். பதினோரு மணிக்குக் காரின் தேவை நிறைவேறிவிடும். அதன்பின் வெயில் உச்சத்துக்கு ஏறும்போது வாங்க ஆள் இல்லாமல் கூரை மின்சாரம் வெளியே போகும். அதே 6 யூனிட்டை மெதுவாக, பத்து மணி முதல் இரண்டரை மணி வரை எடுத்தால் முழுவதையும் கூரையிலிருந்தே எடுத்துவிடலாம்.

தகடுகளை அமைத்தல்

இப்போதைய பெரிய தகடுகள் ஆறு இருந்தால் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் வரும். இடைவெளி உட்பட 300 சதுர அடி தேவைப்படும். இதற்காக விளைநிலத்தைத் தொட வேண்டியதில்லை. அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. தகடுகள் தெற்கு நோக்கி, 10 முதல் 12 பாகை சாய்வில் இருக்க வேண்டும். நம் ஊரின் அட்சரேகையை ஒட்டிய சாய்வு இது. மழைநீர் வழிந்து தூசியைக் கழுவவும் இந்தச் சாய்வு உதவும்.

2. தென்னை மர நிழல் விழக்கூடாது. தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு தகட்டின் மேல் ஒரே ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலும் அந்தச் சங்கிலியின் விளைச்சல் குறையும். டிசம்பர் மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும். ஆகவே ஏப்ரலில் இடம் பார்த்து முடிவு செய்யாமல் டிசம்பர் நிழலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

3. கடும் கோடையில் தகட்டின் மேல் எழுதியுள்ள அளவு கிடைக்காது. 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். நண்பகலில் தகடு 60 பாகை சுடும். அதனாலேயே 10 முதல் 14 விழுக்காடு போய்விடும். தூசியும் இன்வெர்ட்டரின் இழப்பும் சேர, எங்கள் வீட்டு 3 கிலோவாட் தகடுகள் நண்பகலில் 2.3 அல்லது 2.4 கிலோவாட்தான் தருகின்றன. தகட்டுக்கும் கூரைக்கும் இடையே காற்றோட்டம் விடுங்கள்.

4. மாட்டுத் தொழுவத்தின் கூரைமேல் அமைப்பதைத் தவிர்க்க வேண்டும். சாணம், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா உலோக இணைப்புகளை அரிக்கும்.

5. கழுவுவதை அதிகாலையில் செய்யுங்கள். சுட்ட தகட்டின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றக்கூடாது. உப்பு மிகுந்த போர்த் தண்ணீர் வெள்ளைப் படிவு விடும். கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள்.

சார்ஜரும் காரும் பேசிக்கொள்வது எப்படி?

சுவரில் மாட்டும் பெட்டியைச் சார்ஜர் என்கிறோம். உண்மையில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி மின்கலத்தில் ஏற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் இருப்பது, சொல்லப்போனால், காவலாளி உட்கார்ந்திருக்கும் மதகு. கேபிளில் கனத்த கம்பிகளுடன் மெல்லிய கம்பி ஒன்றும் போகிறது. அதன் வழியே நொடிக்கு 1000 துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு அகலம் என்பதே காருக்கு உத்தரவு. அகலம் 10 விழுக்காடு என்றால் 6 ஆம்பியருக்கு மேல் எடுக்காதே என்று பொருள். 20 விழுக்காடு என்றால் 12 ஆம்பியர். 25 விழுக்காடு என்றால் 15 ஆம்பியர். அகலத்தை மாற்றினால் சில நொடிகளில் கார் தன் இழுவையை மாற்றிக்கொள்ளும். நமக்கு வேண்டிய வால்வு இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு வரம்பு உண்டு. இம்முறையில் 6 ஆம்பியருக்குக் கீழே போக இயலாது. 6 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். மீத மின்சாரம் இந்த அளவைத் தொடாதவரை சூரியனை மட்டும் நம்பி மின்னேற்றம் தொடங்க முடியாது. 1 கிலோவாட் தகடு வைத்துக்கொண்டு இம்முறையைச் செய்ய இயலாது என்பதற்குக் காரணம் இதுவே.

தேவையான கருவிகள்

1. கூரைத் தகடுகளும் இன்வெர்ட்டரும்.

2. வெளியிலிருந்து ஆம்பியர் அளவை மாற்றச் சொன்னால் கேட்கும் டைப்-2 சார்ஜர். ஓ.சி.பி.பி. அல்லது மோட்பஸ் முறையில் கட்டளை ஏற்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். காருடன் வரும் பிளக் கேபிள்களில் பெரும்பாலானவை ஒரே நிலையில் இயங்குபவை. அவை இதற்கு உதவா.

3. மின்சாரம் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று காட்டும் இருதிசை மீட்டர் ஒன்று. இதை மின் வாரிய மீட்டருக்குப் பின்னால், நம் பக்கத்தில், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அமைக்க வேண்டும். முத்திரையிட்ட வாரிய மீட்டரில் கை வைக்கக்கூடாது. இன்வெர்ட்டருடன் வரும் கைப்பேசிச் செயலியை நம்பினால் போதாது. அது பல நிமிடம் தாமதமாகக் காட்டும்.

4. கணக்குப் போட்டுக் கட்டளையிடும் சிறு கணினி. ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினி போதும். இதற்கான நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹோம் அசிஸ்டன்ட், ஈ.வி.சி.சி. ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. தோட்டத்தில் இணையம் அடிக்கடி போய்விடும். ஆகவே மீட்டர், கணினி, சார்ஜர் மூன்றையும் கம்பியால் இணைத்து, இணையம் இல்லாவிட்டாலும் இயங்கும்படி அமைக்க வேண்டும்.

கணினியையும் நிரலையும் ஆர்வமுள்ள இளைஞர்கள் தாமே அமைக்கலாம். மின்சாரம் பாயும் சார்ஜர் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் செய்ய வேண்டாம். தரச்சான்று பெற்றதை வாங்குங்கள்.

நிரல் செய்யும் வேலை

காருக்குக் கொடுக்கக்கூடிய மின்சாரம் எவ்வளவு? வெளியே போகும் மின்சாரத்தையும் கார் அப்போது எடுத்துக்கொண்டிருக்கும் மின்சாரத்தையும் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டலை முதலில் நான் செய்யவில்லை. விளைவைச் சொல்கிறேன். பதினோரு மணிக்குத் தகடு 2,300 வாட் தருகிறது. வீட்டுக்கு 350 போகிறது. 1,950 வாட் வெளியே போகிறது. நிரல் அதைப் பார்த்து 8 ஆம்பியருக்கு, அதாவது 1,840 வாட்டுக்கு, உத்தரவு கொடுத்தது. கார் எடுக்கத் தொடங்கியதும் வெளியே போவது 110 வாட்டாகக் குறைந்தது. மீதமே இல்லை என்று நிரல் காரை நிறுத்தியது. நிறுத்தியதும் மறுபடி 1,950. இப்படி நாள் முழுவதும் சார்ஜர் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. "ஏங்கண்ணா, பெட்டிக்குள்ள பல்லி கத்துதே" என்றான் தம்பி. கூட்டலைச் சேர்த்ததும் சத்தம் நின்றது.

அடுத்தது பொறுமை. மேகம் ஒன்று கடந்தால் உடனே நிறுத்தி, வெயில் வந்தால் உடனே தொடங்குவது சார்ஜரின் தொடுப்புக்கும் நல்லதன்று, காருக்கும் நல்லதன்று. எங்கள் வீட்டில் அமைத்துள்ள விதிகள் இவை:

அ) மீதம் 1,400 வாட்டுக்கு மேல் ஐந்து நிமிடம் நிலைத்து நின்றால் தொடங்கு.

ஆ) அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஆம்பியரைத் திருத்து. ஒரு ஆம்பியர் என்பது 230 வாட். எப்போதும் கீழ்ப்பக்கமாக முழு எண்ணுக்கு வா.

இ) மீதம் குறைந்தால் 6 ஆம்பியருக்கு இறங்கிப் பத்து நிமிடம் பொறுத்திரு. அதற்குள் மீளவில்லையென்றால் நிறுத்து.

தாயார் மிக்ஸி போடுகிறார் என்று வையுங்கள். 750 வாட் கூடும். மீதம் 1,200 ஆகிவிடும். கார் 6 ஆம்பியருக்கு இறங்கும்; 180 வாட் மட்டும் வெளியிலிருந்து வரும். சட்னி அரைத்து முடிந்ததும் கார் பழையபடி ஏறிக்கொள்ளும். வீட்டு வேலைக்கே முதல் உரிமை, காருக்கு எஞ்சியது.

ஒரு நவம்பர் இரவு

இப்போது அந்தப் பெரிய தவறைச் சொல்கிறேன்.

அமைப்பு சரியாக ஓடத் தொடங்கியதும் எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. வெளி மின்சாரம் ஒரு யூனிட்கூடக் காருக்குப் போகக்கூடாது என்று நிரலை வைத்தேன். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கணக்கேட்டில் சூரியன் பங்கு நூற்றுக்கு நூறு என்று வரும். அதை நண்பர்களிடம் காட்டுவேன்.

நவம்பரில் மூன்று நாள் தொடர்ந்து மழை பிடித்தது. மீதம் 1,400 வாட்டைத் தொடவே இல்லை. நிரல் நான் சொன்னபடி வெயிலுக்காகக் காத்திருந்தது. தம்பியோ, செருகியிருக்கிறோம், ஏறிக்கொண்டிருக்கும் என்று நினைத்துச் சந்தைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். மூன்றாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்குத் தந்தையாருக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனை 28 கிலோமீட்டர். காரின் மின்கலம் 24 யூனிட் கொள்ளும். அதில் இருந்தது 15 விழுக்காடு. அதாவது மூன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். 25 கிலோமீட்டர்தான் போகும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தம் வேனை எடுத்துக்கொண்டு வந்ததால் தந்தையாரைக் கொண்டு சேர்க்க முடிந்தது. நேரத்தோடு சேர்த்ததால் பிழைத்தார். இன்று நலமாக இருக்கிறார். மறுநாள் நான் ஊருக்குப் போனபோது தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கண்ணு, அந்தப் பொட்டிக்கு வெயிலு மட்டுந்தான் தெரியுமா, ஊட்டுல ஆளிருக்கிறது தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் இப்போதுள்ள விதிகளை எழுதினேன். உங்கள் வீட்டில் அமைக்கும்போது மற்றவற்றுக்கு முன் இவற்றை அமைக்கச் சொல்லுங்கள்.

1. காப்பளவு: வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போய்வரும் தூரத்தைக் கணக்கிட்டு, அதற்கு வேண்டிய மின்சாரம் எப்போதும் காரில் இருக்க வேண்டும். எங்களுக்குப் போய்வர 56 கிலோமீட்டர். ஆகவே 40 விழுக்காடு என்று வைத்தோம். அதற்குக் கீழே இருந்தால் வெயில், மழை, பகல், இரவு எதையும் பாராமல் உடனே முழு வேகத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு மேற்பட்டதுதான் சூரியன் பங்கு.

2. நாள் எல்லை: மாலை ஐந்து மணிக்குள் அன்றைய தேவை சூரியனால் நிறையாவிட்டால், இரவு பத்து மணிக்கு மேல் வெளி மின்சாரத்தில் பாக்கியை நிரப்ப வேண்டும்.

3. அவசரச் சாவி: பெட்டியின் பக்கத்தில் ஒரு திருகு சுவிட்சு. கைப்பேசி தெரியாதவரும் திருகலாம். திருகினால் எல்லா விதிகளும் ஒதுங்கி முழு வேகத்தில் ஏறும். இதைத் தாயாரிடம்தான் முதலில் கொடுத்துப் பழக்கினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வகை மெதுவான மின்னேற்றத்தில், காரின் மின்கலத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது சார்ஜருக்குத் தெரியாது. மெல்லிய கம்பி அந்தச் செய்தியைக் கொண்டுவருவதில்லை. சில கார்களில் தயாரிப்பாளரின் செயலி வழியாக அறியலாம். அதற்கு இணையம் வேண்டும். நாங்கள் எளிய வழியைக் கையாளுகிறோம். தம்பி காரைச் செருகும்போது காரில் தெரியும் விழுக்காட்டைக் கைப்பேசியில் பதிகிறான். பதிய மறந்தால் நிரல் காரைக் காலி என்றே எடுத்துக்கொண்டு, காப்பளவுக்குரிய யூனிட்டுகளை முதலில் ஏற்றிவிடும். மறதியால் நேரும் பிழை பாதுகாப்பின் பக்கமே இருக்க வேண்டும்.

பாதுகாப்பு

மின்சாரக் காரை மணிக்கணக்காக ஏற்றுகிறோம். பழைய வயரிங் இதற்குத் தாங்காது. தொடக்கத்தில் நாங்கள் பழைய பம்பு அறைப் பிளக்கில் செருகி வந்தோம். உள்ளே அலுமினியக் கம்பி, தளர்ந்த திருகு. ஒரு மாதத்தில் பிளக்கு உருகிக் கருகியது. அருகிலேயே வைக்கோற்போர் இருந்தது.

1. சார்ஜருக்கென மீட்டர் பலகையிலிருந்தே தனி இணைப்பு இழுக்க வேண்டும். 16 ஆம்பியருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போடுங்கள். தூரம் அதிகமானால் 6.

2. தனி எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியும் கட்டாயம். கார்களில் நேர்மின் கசிவும் நேரலாம் என்பதால் அதையும் உணரும் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

3. தனி எர்த் குழி தேவை. கோடையில் குழி வறண்டால் எர்த் வேலை செய்யாது; மாதம் இருமுறை நீர் ஊற்றுங்கள். அளந்து பார்த்தால் 5 ஓமுக்குள் இருப்பது நல்லது.

4. திறந்த வெளித் தோட்டங்களில் இடி, மின்னல் மிகுதி. தகட்டுப் பக்கமும் வீட்டுப் பக்கமும் மின்எழுச்சித் தடுப்பான் பொருத்துங்கள்.

5. வைக்கோற்போர், ஓலைக் கொட்டகை, உர அறை, டீசல் பீப்பாய் இவற்றின் அருகில் சார்ஜர் கூடாது. கேபிளை எலி கடிக்கும், குழாய்க்குள் விடுங்கள். நீட்டிப்பு வயர் பயன்படுத்தவே கூடாது.

மின்சாரம் நின்றால் கூரை மின்சாரமும் நிற்கும் என்பது பலருக்குத் தெரியாது. மின்கம்பியுடன் இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் பணியாளரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. மின்தடையிலும் கார் ஏற வேண்டுமென்றால் மின்கலத்துடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு கூடும். அப்படி வைத்திருப்பவர்கள் வீட்டு மின்கலத்திலிருந்து காரின் மின்கலத்தை நிரப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஓட்டைக் குடத்தால் ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மொண்டு ஊற்றுவது போன்றது.

லாபம் எவ்வளவு?

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் காருக்கு ஏறத்தாழ 143 யூனிட். இரண்டு மாதத்துக்கு 286. வீட்டுக்கு 300 யூனிட் என்றால் மொத்தம் 586. நம் மாநிலத்தில் 2022-ல் அமைந்த கட்டண முறையில், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் விகிதமும் உயர்ந்துவிட்டது. ஆகவே காரால் வரும் மின்கட்டணத்தைக் கணக்கிடும்போது உங்கள் கட்டண அட்டையைப் பார்த்தே கணக்கிடுங்கள். 3 கிலோவாட் தகடு இரண்டு மாதத்தில் சராசரியாக 720 யூனிட் தரும். வீடு, கார் இரண்டுக்கும் போதும். பெட்ரோல் காராக இருந்தால், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றும் லிட்டர் விலை 100 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டாலும் மாதம் 5,500 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த லாபத்தில் பெரும்பங்கு தகட்டினால் வருவது. சூட்டிகை ஏற்பாட்டால் தனியே என்ன லாபம்? நிகர அளவீட்டு முறையில் வெளியே அனுப்பும் யூனிட்டை, எடுக்கும் யூனிட்டில் கழித்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட இணைப்புள்ளவர் பகலில் ஏற்றினாலும் இரவில் ஏற்றினாலும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு இராது. இதை மறைத்துப் பேசுவது முறையன்று. எனினும் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, மாலையில் கிராமத்து மின்னழுத்தம் தாழும்போது நம் காரும் சேர்ந்து இழுப்பதில்லை. இரண்டாவது, கடைக்கோடி இணைப்புகளில் பகலில் நாம் அனுப்பும் மின்சாரத்தாலேயே மின்னழுத்தம் எல்லை மீறி இன்வெர்ட்டர் நின்றுவிடுவதுண்டு. அந்நேரத்தில் கார் எடுத்துக்கொண்டால் விளைச்சல் வீணாகாது. மூன்றாவது, வீட்டு இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டாமல் நிரலே பார்த்துக்கொள்ளும். இந்த மூன்றும் உங்களுக்குப் பெரிதாகப் படாவிட்டால், நிகர அளவீட்டு இணைப்பு உள்ளவர்கள் நேரம் வைத்து இயங்கும் எளிய சார்ஜரைப் பகலில் பயன்படுத்தினாலே போதும்.

இணைப்பும் மானியமும்

வீட்டு இணைப்பிலேயே சொந்தக் காரை ஏற்றலாம். மத்திய மின் அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் வீடுகளில் மின்னேற்றம் செய்வதை அனுமதித்தன. ஆனால் பம்புசெட்டுக்கான இலவச விவசாய இணைப்பில் காரை ஏற்றுவது குற்றம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்கீழ், கொடுத்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தியதாகக் கணக்கிட்டு அபராதம் விதிப்பார்கள். "ராத்திரி ஒரு மணி நேரந்தானுங்களே" என்று யாரும் துணிய வேண்டாம். இலவச மின்சாரம் உழவர்கள் போராடிப் பெற்ற உரிமை. அதற்குப் பழுது வரக்கூடாது.

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில் வீட்டுக் கூரை அமைப்புக்கு மானியம் அறிவிக்கப்பட்டது: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். நாம் கணக்கிட்ட 3 கிலோவாட் இந்த உச்ச மானியத்தைப் பெறும் அளவே. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதிகளையும் அளவீட்டு முறையையும் உங்கள் பிரிவு மின் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு முன்பணம் கொடுங்கள். இந்த மானியம் தகடுக்கு உரியது. கார் சார்ஜருக்கு அன்று.

முடிவாக

சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், வெயில் இல்லாட்டி வண்டி நிக்குமுங்களா?" என்று கேட்டார். முன்பு நின்றது, இப்போது நிற்காது என்றேன். நல்ல பாசனக்காரர் கிணற்றைக் கடைசிச் சொட்டுவரை இறைப்பதில்லை. குடிக்க, மாட்டுக்குக் காட்ட, ஓர் அளவு விட்டுவைப்பார். அந்த அளவை முதலில் குறித்துக்கொண்டு, மேலுள்ளதைச் சூரியன் தரும் அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தகடு வாங்குமுன் கணக்கு. சார்ஜர் வாங்குமுன் எர்த். நிரல் எழுதுமுன் மருத்துவமனைக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண். இந்த மூன்றையும் இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பார்க்க விரும்புவோர் எங்கள் தோட்டத்துக்கு வரலாம், தம்பி காட்டுவான். அவசரச் சாவியைத் தாயாரே காட்டுவார்.